இரட்டைச் சுழிக்காரனின் சலூன் மதிப்புரை

இந்த மதிப்புரை, அம்பத்தூர் ஓ.டி. பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கும் ஓர் ஆண்கள் சலூனைப் பற்றியது. கடையின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை, இதற்கு மேலும் ஆட்கள் வந்தால் தம்முடைய தலைக்குக் கத்தரி வைக்க நேரம் கிடைக்காது என்பது அவர் சொன்ன காரணம்; அந்தத் தலையில் கத்தரிக்கு அதிக வேலை இல்லை என்பதை மரியாதை கருதி நான் சுட்டிக்காட்டவில்லை. மூன்று நாற்காலிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, எதிரெதிராக இரண்டு பெரிய கண்ணாடிகள், பகலெல்லாம் ஓடும் ஒரு தொலைக்காட்சி, பக்கம் பக்கமாகப் பிரிந்து நான்கு பேர் கைகளில் இருக்கும் ஒரு தினத்தந்தி, இவ்வளவுதான் கடை. கட்டிங் 130 ரூபாய், தாடியைச் சீராக்க 70 ரூபாய், இரண்டும் சேர்ந்தால் 180 ரூபாய்.

ஒரு சலூனை மதிப்பிடுவதென்றால், மதிப்பிடுகிறவனின் தலையைப் பற்றியும் வாசகர் தெரிந்துகொள்வதுதான் நியாயம். எனக்கு உச்சியில் இரட்டைச் சுழி. இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்; இன்றைய நிலவரப்படி ஒன்றுக்கே வழி தெரியாததால் அந்தச் சாஸ்திரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஒரு சுழி வலப்புறமும் மற்றது இடப்புறமும் சுற்றுவதால், நடுவில் மாட்டிக்கொண்ட முடி எந்தக் கட்சியில் சேர்வது என்று புரியாமல் நட்டுக்கொண்டு நிற்கும். போதாக்குறைக்குச் சுருட்டை முடி, 24 வயதிலேயே பின்வாங்கத் தொடங்கிவிட்ட முன்நெற்றி, நல்ல கறுப்பு நிறம். கண்ணாடியில் ஒரு கோணத்தில் பார்த்தால் கதாநாயகனின் நண்பனாகத் தெரிகிறேன். இன்னொரு கோணத்தில் அந்த நண்பனைக் கடத்திக்கொண்டு போகும் அடியாளாகத் தெரிகிறேன். கதாநாயகன் தெரியும் கோணத்தை இதுவரை எந்தக் கடையும் கண்டுபிடித்துத் தரவில்லை.

இப்படிப்பட்ட தலையில் மெஷினை வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறவர்களே அதிகம். சுழியின் போக்குக்கு எதிராக மெஷின் ஓடினால் அந்த இடத்தில் மட்டும் முடி அடியோடு போய், நாணயம் அளவுக்குத் தோல் வெளியே தெரியும். அது மூடுவதற்குள் அலுவலகத்தில் எல்லோரும் புழுவெட்டா என்று அக்கறையோடு விசாரித்து முடித்திருப்பார்கள். இந்தக் கடையின் உரிமையாளர் உட்கார்ந்தவுடன் தண்ணீர் தெளிப்பதில்லை. உலர்ந்த முடியை விரல்களால் கோதி, எந்த இடத்தில் எந்தப் பக்கமாகப் படிகிறது என்று பார்த்துக்கொள்கிறார். ஈர முடி பொய் சொல்லும் என்பது அவருடைய கட்சி. பக்கவாட்டில் மூன்று மில்லிமீட்டர் முடியை விடும் ஒன்றாம் எண் சீப்பு மூடியை மெஷினில் போட்டு, காதுக்கு மேலே ஆறு மில்லிமீட்டர் விடும் இரண்டாம் எண்ணுக்கு மாறி, இரண்டும் சந்திக்கும் கோட்டை, மெஷினின் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடிக் கரைத்துவிடுகிறார். உச்சிக்கு வந்ததும் மெஷினை ஆணியில் மாட்டிவிட்டு, சீப்பின் மேல் கத்தரியை ஓட்டி வெட்டிக்கொண்டே போய், சுழிகளைச் சுற்றி மட்டும் அரை விரற்கடை கூடுதலாக விடுகிறார். அந்த நீளத்தின் பாரத்தில், நட்டுக்கொண்டு நின்ற முடி தானே படிந்துவிடுகிறது. ஜெல் தடவி அனுப்பும் நேரத்தில் எந்தத் தலையும் அழகாகத்தான் இருக்கும். மறுநாள் குளித்துத் துவட்டிய பிறகும் வெட்டின் வடிவம் அப்படியே நிற்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். இங்கே நிற்கிறது.

சுத்தத்தைப் பொறுத்தவரை, பிளேடு விஷயத்தில் முழு மதிப்பெண். காகித உறையோடு எடுத்து, நம் கண்முன்னே இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் சவரக்கத்தியில் மாட்டுகிறார். வேலை முடிந்ததும் கழற்றி மூடியிட்ட டப்பாவில் போடுகிறார். ஹெப்படைட்டிஸ் பி, சி ஆகிய இரண்டும் ரத்தம் பட்ட பிளேடு வழியாகத் தொற்றக்கூடியவை என்பதால் இது கேட்டு வாங்க வேண்டிய சலுகை அன்று, இருந்தே ஆகவேண்டிய நடைமுறை. ஆனாலும் கேட்டால் முறைக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன. சுருட்டைத் தாடிக்காரர்களுக்கு முடியின் போக்குக்கு எதிராக இழுத்து வழித்தால், வெட்டுப்பட்ட முனை உள்நோக்கி வளைந்து தோலுக்குள் புகுந்து கொப்புளமாகும். அதைச் சொல்லாமலேயே தெரிந்துவைத்துக்கொண்டு, போக்கோடு மட்டும் வழித்து, படிகாரத்தைத் தேய்த்து முடிக்கிறார். தலை மசாஜ் 50 ரூபாய். கழுத்தை இருபுறமும் திருகிச் சொடக்கெடுக்கும் வித்தை இங்கே கிடையாது. கழுத்தைத் திடீரென்று திருகினால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிப்பதால், சொடக்கு இல்லாத இந்தக் குறையை நான் நிறையாகவே எழுதிக்கொள்கிறேன். போர்த்துகிற துணிதான் சரியில்லை. எல்லோருக்கும் அதே துணி, கழுத்தைச் சுற்றக் காகிதப் பட்டையும் இல்லை, எனக்கு முன் உட்கார்ந்தவரின் முடி என் சட்டைக்குள் குடியேறிவிடுகிறது.

முகத்துக்குச் செய்கிற வேலைகளை இந்தக் கடையில் யாரும் நம் தலையில் கட்டுவதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் கொடுத்த தள்ளுபடிக் கூப்பனை நம்பி, ஒரு வணிக வளாகத்தில் குளிரூட்டப்பட்ட சலூன் ஒன்றுக்கு நான் போனதுண்டு. கட்டிங்கை விட அங்கே என் முகத்தைப் பற்றிய ஆலோசனைதான் நீளமாக நடந்தது. "சார், ரொம்ப டேன் ஆகியிருக்கு, டீடேன் பண்ணிடலாமா?" என்று அந்தப் பணியாளர் கேட்டார். அது வெயில் கொடுத்ததன்று, என் அம்மா கொடுத்தது என்றேன். அப்படியென்றால் பிரைட்டனிங் ஃபேஷியல் செய்துகொள்ளலாம் என்று சிரித்த முகத்தோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அம்மாவை நீக்குகிற பேக்கேஜ் என்ன விலை என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் மாதக் கடைசியில் இலக்கை எட்ட வேண்டிய நிலையில் இருக்கும் ஒரு தொழிலாளியிடம் அதைக் கேட்டு என்ன பயன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அங்கே விற்பதில் பிளீச் என்பது, ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டு முகத்தின் பூனைமுடியை வெளுக்க வைப்பது. முடி பொன்னிறமாவதால் முகம் சில நாள்களுக்குப் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். தோலின் நிறத்தைத் தருகிற மெலனின், வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நம்மைக் காக்கிற பொருள். அதைக் கறை என்று சொல்லி அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். கறுத்த நிறத்தவரைத் தாழ்ந்தவர்களாகவோ வேலைக்கும் திருமணத்துக்கும் லாயக்கற்றவர்களாகவோ விளம்பரங்களில் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் குழுமம் 2014இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 1975 முதல் விற்பனையில் இருந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி ஆயிற்று. சலூன்களின் விலைப்பட்டியல்களிலும் வெண்மை மறைந்து பிரைட்டனிங், க்ளோ, டீடேன் என்று வந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்த கறுப்பனிடம் நீட்டப்படும் பக்கம் மட்டும் மாறவில்லை. அம்பத்தூர்க் கடையிலும் சுவரொட்டிகளில் இருப்பவர்கள் எல்லோரும் பாலில் குளித்தவர்கள்தான். இந்தத் தெருவில் நடக்கிற ஒருவரின் முகமும் அவற்றில் இல்லையே என்று கேட்டபோது, "அது கம்பெனிக்காரன் ஓசியில குடுக்குறது தம்பி, காசு குடுத்தா வாங்குனேன்?" என்று உரிமையாளர் முடித்துக்கொண்டார். அரை மதிப்பெண் குறைக்கிறேன். ஆனால் டீடேன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பள்ளி, கல்லூரி மாணவர்களும் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பையன்களும்தான். அவர்கள் கேட்பது பாக்ஸ் கட்டிங், பக்கவாட்டு முடி கீழிருந்து மேலாகப் படிப்படியாக நீளும் லோ ஃபேட், புருவத்தில் ஒரு கோடு, முடிந்தால் முன்முடிக்குச் செம்பட்டைச் சாயம். இதே தலையை ஒரு கிரிக்கெட் வீரர் வைத்துக்கொண்டு வந்தால் அது ஸ்டைல். வடசென்னையில் பட்டாளம், புளியந்தோப்புப் பகுதிகளிலிருந்து வருகிற பையன் வைத்துக்கொண்டால் அது புள்ளிங்கோ. அந்தச் சொல்லை அந்தப் பையன்கள் தங்களுக்குள் செல்லமாகத்தான் பயன்படுத்தினார்கள். அதை எடுத்து மீம் போட்டுச் சிரித்தவர்கள் சிரித்தது முடியைப் பார்த்தா, முடிக்குச் சொந்தக்காரனின் முகவரியைப் பார்த்தா என்று கேட்டால் பதில் வராது. மாணவர்களுக்கு இப்படிப்பட்ட வெட்டு வெட்டக் கூடாது என்று பள்ளிகள் சலூன் கடைகளுக்குக் கடிதம் கொடுத்த செய்திகள் நாளிதழ்களில் வந்திருக்கின்றன. ஆசிரியரே கத்தரியை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்த காட்சியை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். கடைசி பெஞ்சில் எட்டுப் பேரின் முடி வெட்டப்பட்டபோது, அதே நீளத்தில் முடி வைத்திருந்த முதல் பெஞ்சுக்காரனுக்கு 'நாளைக்கு வெட்டிட்டு வாப்பா' என்ற அறிவுரை மட்டும் கிடைத்தது. எட்டுப் பேரும் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

அம்பத்தூர்க் கடையில் பள்ளி மாணவன் வந்து ஃபேட் கேட்டால், திங்கட்கிழமை பள்ளியில் என்ன நடக்கும் என்பதை உரிமையாளர் சொல்லிவிட்டு, கோடு போடாமல், வாத்தியார் கண்ணுக்குச் சாதாரணமாகவும் நண்பர்கள் கண்ணுக்கு ஃபேடாகவும் தெரிகிற ஒரு நடுவாந்தர வெட்டை வெட்டித் தருகிறார். அடக்கமான வெட்டுக்குள் இவ்வளவு கலகத்தை ஒளித்துவைக்க முடியும் என்பதை நான் இங்கேதான் கற்றுக்கொண்டேன். அவனை ரவுடி என்றோ உருப்படாதவன் என்றோ ஒரு சொல் சொல்வதில்லை.

நான் விழுப்புரம் மாவட்டத்துக் கிராமம் ஒன்றின் காலனியில் பிறந்தவன். ஊர்த் தெருவில் ஒரு சலூன் இருந்தது. நாங்கள் போனால் மெஷின் பழுதாகிவிடும், அல்லது ஆள் சாப்பிடப் போயிருப்பார், அல்லது கடையை அப்போதுதான் மூடுகிற நேரமாக இருக்கும். நாங்கள் தெருமுனையைத் தாண்டியதும் அந்த மெஷின் உயிர்பெற்று ஓடுகிற சத்தம் கேட்கும். சீனத்திலிருந்து வந்திறங்கிய மெஷின் இவ்வளவு சீக்கிரம் எங்கள் ஊர் ஜாதியைக் கற்றுக்கொண்டதை நாங்கள் வியந்து பேசிச் சிரிப்போம். சிரித்துவிட்டுப் பேருந்து ஏறி டவுனுக்குப் போய் முடி வெட்டிக்கொள்வோம்; என் அப்பாவின் தலைமுறை, காலனியிலேயே கத்தரி பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டது. இந்தக் கோபத்தை அந்தக் கடைக்காரர் ஒருவர் மேல் இறக்கிவைப்பது எளிது, ஆனால் நேர்மையாகாது. முடிதிருத்தும் சமூகத்தையும் ஊர், பல தலைமுறைகளாக, அறுவடையில் அளந்து கொடுக்கும் நெல்லுக்கு எல்லா வேலையும் செய்யச் சொல்லி, சாவு வீட்டில் சங்கு ஊத வைத்து, வாசலுக்கு வெளியிலேயேதான் நிறுத்தியிருந்தது. எங்களுக்கு வெட்டினால் தங்கள் வீட்டுத் தலை எதுவும் அந்தக் கடைக்கு வராது என்று மிரட்டியவர்களின் பெயர் பலகையில் இருந்ததில்லை, போலீஸ் வந்தால் கைதாகப்போவதும் அவர்கள் அல்லர்.

சட்டத்தில் இதற்கு ஓட்டை இல்லை. அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பர் 29 அன்று, கடைகளுக்குள் யாரையும் ஜாதியின் பேரால் தடுக்கக் கூடாது என்ற பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, மதராஸ் மாகாணத்திலிருந்து சென்ற எஸ். நாகப்பா எழுந்து, சவரக் கடையில் பொருள் எதுவும் விற்பதில்லையே, சேவைதானே, அதுவும் இதில் அடங்குமா என்று கேட்டார். கூலிக்குச் சேவை தர முன்வருகிற எவருடைய இடமும் அடங்கும், உள்ளே நுழைய விடுவது மட்டுமன்றி, அந்தச் சேவையைக் கேட்டுப் பெறுவதும் உரிமை என்ற பொருளில் அம்பேத்கர் பதிலளித்தார். அதுதான் இன்றைய 15ஆம் பிரிவு. தீண்டாமையின் பேரால் சேவையை மறுப்பவருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை என்று 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. என் தலைக்காக டெல்லியில் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்டு, மற்றவர் பதில் சொல்லி, எல்லாம் எழுதிவைத்து இவ்வளவு ஆண்டுகள் ஆன பிறகும், கட்டிங்குக்கு நான் பேருந்து ஏறினேன் என்பதை நினைக்கும்போது வருகிற எரிச்சலுக்குப் படிகாரம் போதாது.

நகரத்தில் யாரும் மெஷின் பழுது என்று சொல்வதில்லை. இங்கே கேள்விகள் வழியாகத்தான் நடக்கும். துணியைப் போர்த்தியதும் "எந்த ஊரு தம்பி?" என்பார்கள். விழுப்புரம் பக்கம் என்றால், "விழுப்புரத்துல எங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருக்குள்ளயா, வெளியவா?" முதல் கேள்வி விசாரிப்பு, அதற்கு அடுத்தது விசாரணை. பதில் கிடைத்த பிறகு கத்தரி நிற்காது, கட்டிங்கும் முழுதாகக் கிடைக்கும். பேச்சு மட்டும் நின்றுவிடும், 'தம்பி' எங்கோ காணாமல் போய்விடும், எழுந்திருக்கும்போது தோளில் ஒட்டிய முடியை நாமே தட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்விகளின் வரிசை மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அம்பத்தூர்க் கடைக்காரரும் எந்த ஊர் என்று கேட்டார். விழுப்புரம் என்றேன். "அப்ப பண்ருட்டி பலாப்பழம் கொண்டாந்து குடுக்கலாமே" என்றார். பண்ருட்டி கடலூர் மாவட்டம் என்று நான் சொல்ல, பழத்துக்கு மாவட்டம் எதற்கு என்று அவர் திருப்பிக் கேட்டார். அதற்கடுத்து அவர் கேட்ட கேள்வி "சைடு எவ்வளவு வைக்கட்டும்?" என்பதுதான். நான் தொடர்ந்து இங்கே வருவதற்கு இரட்டைச் சுழி பாதிக் காரணம், இது மீதிக் காரணம்.

குறையும் ஒன்று இருக்கிறது, அது துணியையும் சுவரொட்டியையும் விடப் பெரியது. மூன்றாவது நாற்காலியில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த, என் வயதே இருக்கக்கூடிய ஓர் இளைஞர் வேலை செய்கிறார். ஃபேட் வெட்டுவதில் உரிமையாளரை விட அவர் கை சுத்தம் என்பதை உரிமையாளரே ஒப்புக்கொள்கிறார். தலைக்கு இவ்வளவு என்ற கமிஷன்தான் அவருடைய வருமானம். காத்திருப்பவர்களில் சிலர் அவரை 'டேய் பய்யா' என்று கூப்பிடுகிறார்கள், அவர் பேசும் தமிழை அவர் முன்னாலேயே நடித்துக் காட்டுகிறார்கள், பான்பராக் ஜோக்கு அடிக்கிறார்கள். ஜோக்கு அடிப்பவர்களில் புள்ளிங்கோ என்று கேலி செய்யப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு நெஞ்சில் குத்துகிறது. யாரை எங்கே நிறுத்துவது என்பதை எங்கள் மேல் நடத்திக் காட்டியவர்களிடமிருந்து நாங்கள் கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவு சுத்தமாக ஏறியிருக்க வேண்டாம். அவரும் சிரித்துக்கொண்டேதான் வேலை செய்கிறார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், மெஷின் பழுது என்று கேட்டுத் திரும்பி நடந்தபோது எங்கள் முகத்தில் இருந்த அதே சிரிப்புதான் அது. உரிமையாளர் இதைக் கேட்டும் கேட்காதது போல் இருந்துவிடுகிறார். வாடிக்கையாளரை எப்படிக் கண்டிப்பது என்று ஒருமுறை என்னிடம் சமாதானம் சொன்னார். எங்கள் ஊர்க் கடைக்காரருக்கும் வாடிக்கையாளர்கள்தான் காரணமாக இருந்தார்கள் என்று நான் சொன்னதற்கு, கத்தரியை நிறுத்திக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார், பிறகு பதில் சொல்லாமல் வேலையைத் தொடர்ந்தார். ஒரு முழு மதிப்பெண்ணை இதற்காகவே குறைக்கிறேன்.

ஆக, ஐந்துக்கு மூன்றரை. துணிக்குக் குறைக்க நினைத்த மதிப்பெண்ணைச் சுழிக்காகத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிறு காலையில் போனால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் ஓடும் விவாதத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருப்பது அதிலும் கொடுமை. வார நாள்களில் முற்பகலில் போவது உத்தமம். ஃபேட் வேண்டுபவர்கள் மூன்றாவது நாற்காலி காலியாகும் வரை பொறுத்திருங்கள், அந்த இளைஞரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், டிப்ஸ் கொடுப்பதாக இருந்தால் கல்லாவில் போடாமல் அவர் கையில் கொடுங்கள். கூகுள் பே உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை.